இமைக்கு உள்ளே ஒரு காவல்

‘கண்ணை இமை காப்பது போல’ என்னும் தொடரை மாணாக்கரின் கட்டுரை ஏடுகளில் எத்தனை ஆயிரம் முறை கண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. தாய் மகவைக் காத்தாலும், வேந்தன் குடிகளைக் காத்தாலும், எழுதுகின்ற பிள்ளைக்குக் கைகொடுப்பது இமைதான். அவ்வுவமைக்கு நானும் முப்பதாண்டுக் காலமாகத் தட்டாமற் புள்ளி வழங்கி வந்திருக்கிறேன். இமைக்கு அப்பால், விழியின் உள்ளே, வேறொரு காவல் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சென்ற ஆண்டு, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது. ஒரு மாணவன் எழுதிய ‘த’ என்னும் எழுத்தின் தலைமேற் புள்ளியொன்று நின்றது. ஒற்று வேண்டாத இடத்தில் ஒற்றிட்டிருக்கிறானே என்று சினந்து, சிவப்பு மையால் வட்டமிட்டேன். அடுத்த வரிக்குக் கண்ணைத் திருப்பினேன். அப்புள்ளியும் என்னோடு அடுத்த வரிக்கு வந்தது. தாளை மூடிச் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் அது மிதந்தது. விளக்கை அணைத்தபோது வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல்போல் ஒரு கீற்று வெட்டி மறைந்தது. அந்த மாணவனுக்குக் குறைத்த அரைப் புள்ளியை மறுநாள் திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஏட்டையும் எழுத்தையும் நம்பி வாழ்கின்றவனுக்குக் கண்ணில் ஒரு குறை என்றால் உள்ளம் நடுங்காமல் இராது. விடிந்ததும் திகனயிற் பஸ் ஏறி, பல்லேகலை, குண்டசாலை கடந்து, கண்டி நகரிலுள்ள கண் சிகிச்சைப் பிரிவு ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். பாவை விரிவதற்கு மருந்து விட்டு, வாங்கில் இருக்கச் சொன்னார்கள். பக்கத்திலே தோட்டத்திலிருந்து வந்த மூதாட்டி ஒருவர், இடக்கண்ணைச் சேலைத் தலைப்பாற் பொத்தியபடி இருந்தார்.

“என்னம்மா கண்ணுக்கு?” என்றேன்.

“பூச்சி பறக்குதுங்க ஐயா. பதினஞ்சு நாளா. நந்தியாவட்டைச் சாறு விட்டேன், தாய்ப்பால் விட்டேன். பூச்சி சாகல. இப்ப ஒரு பக்கமா திரை விழுந்திருக்கு.”

எனக்கு வந்தது புள்ளி. அவருக்கு வந்தது பூச்சி. இலக்கணம் கற்பித்தவன் கண்ணில் இலக்கணக் குறியாகவும், கொழுந்து கிள்ளியவர் கண்ணிற் கொழுந்தைத் தின்னும் பூச்சியாகவும் ஒரே பொருள் தோன்றியிருக்கிறது என்பதை அப்போது நான் அறியவில்லை. அவரைப் பேதைமை என்று சொல்லிவிடவும் இயலாது. இலத்தீன் மொழியில் எழுதிய மருத்துவப் புலவர்களும் இக்காட்சிக்குப் ‘பறக்கும் ஈக்கள்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

என்னைச் சோதித்த மருத்துவர், விழித்திரை கிழியவில்லை, அஞ்சவேண்டாம் என்றார். ஐம்பதைக் கடந்தவர்க்கும், கிட்டப்பார்வை உள்ளவர்க்கு இன்னும் முன்னதாகவும், கண்ணின் உள்ளிருக்கும் கூழ் நீர்த்துச் சுருங்கி, விழித்திரையை விட்டுப் பிரிதல் இயல்பு. பிரியும்போது திரையைப் பற்றி இழுத்தால் மின்னல் தோன்றும்; கூழிலுள்ள இழைகள் திரண்டால் அவற்றின் நிழல் திரையில் விழுந்து புள்ளியாகவும் நூலாகவும் மிதக்கும். என் புள்ளி அத்தகையது. மூதாட்டிக்கோ அப்பிரிவின்போது விழித்திரை கிழிந்து, கிழிசலின் வழியே நீர் புகுந்து, திரையே சுவரை விட்டுக் கழன்றிருந்தது. முதல் இரண்டொரு நாளில் வந்திருந்தால் கிழிசலைச் சுற்றி லேசர் ஒளியாற் சூடிட்டு ஒட்டியிருக்கலாமாம்.

இவ்வளவையும் எனக்குப் பொறுமையாக விளங்கவைத்தவள், என்னிடம் தமிழ் படித்து இன்று மருத்துவ பீடத்திற் பயிலும் மாணவி ஒருத்தி. அன்று அவள் அப்பிரிவிற் பயிற்சியில் இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தாள். வந்தவள் கேட்ட வினாத்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

“சேர், அந்தக் கூழுக்குள்ளே உயிருள்ள கலங்கள் குடியிருக்கின்றன. காவற்கலங்கள். அவற்றுக்குத் தமிழில் ஒரு பேர் வேண்டும்.”

விழிக்கோளத்தின் ஐந்தில் நான்கு பங்கை நிரப்பி நிற்பது கண்ணாடியுடல் எனப்படும் அக்கூழ். அளந்தால் ஏறத்தாழ 4 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டியும் நிரம்பாது. அதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் வெறும் நீர். எஞ்சிய சிறுபங்கில், கொலாசன் என்னும் நுண்ணிழைகள் பின்னிக்கிடக்க, அவற்றினிடையே நீரைப் பிடித்துவைத்திருக்கிறது ஹையலூரோனிக் அமிலம் என்னும் பொருள். 1934 ஆம் ஆண்டிற் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக் கண்களிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார்கள். இன்று முழங்கால் நோவுக்கு ஊசியாகவும், மங்கையர் முகத்திற் பூசும் களிம்பாகவும் கடைக்கு வந்திருப்பது இப்பொருளே.

இத்துணைத் தெளிந்த கூழில் உயிர்க்கலம் ஏதும் இராது என்று எண்ணுவது இயல்பு. கலம் இருந்தால் ஒளியை மறைக்குமே! ஆயினும், 1840 ஆம் ஆண்டிலேயே தென்மார்க்கு நாட்டு அறிஞர் அடொல்ஃப் ஹனோவர் இதனுட் கலங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஹங்கேரியிற் பிறந்த எண்ட்ரே பாலாஸ் என்பவர் அவற்றை விரிவாக ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் அவற்றை ‘ஹையலோசைற்று’ என்பர்; ஹையலோ என்றது கண்ணாடி, சைற்று என்றது கலம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்களவு. அவை கூழின் நடுவில் நிற்பதில்லை. ஒளி செல்லும் வழியை விட்டு ஒதுங்கி, கூழின் புறவோரத்தில், விழித்திரைக்கு மிக அருகே, ஒன்றுக்கொன்று இடம்விட்டுப் பரவி நிற்கின்றன. சபை நடுவே நடமாடாமற் சுவரோரமாக நிற்கும் ஏவலாளரைப் போன்றது அந்நிலை.

இக்கலங்கள் எவ்வினத்தைச் சேர்ந்தவை? 1882 ஆம் ஆண்டில் மெசினா நகரத்துக் கடற்கரையில் இருந்த எலீ மெச்சினிக்கோவ், நட்சத்திர மீனின் பளிங்கு போன்ற இளவுயிரின் உடலில் ஒரு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலை, நகர்ந்து திரியும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். அந்நியப் பொருளையும் கிருமியையும் சூழ்ந்து விழுங்கும் இவற்றைத் தின்குழியங்கள் என்கிறோம். அக்கண்டுபிடிப்புக்காக 1908 இல் அவருக்கு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. கண்ணாடியுடலிற் குடியிருப்பவையும் அக்குலத்தைச் சேர்ந்த பெருங்கலங்களே. குப்பையை விழுங்குதல் அவற்றின் தொழில்களுள் ஒன்று. தாயின் கருவில் நாம் இருக்கும்போது கண்ணின் நடுவே ஓடி வில்லையை வளர்க்கின்ற குருதிக்குழாய் ஒன்று பிறப்பதற்குமுன் மறைந்துவிடுகிறது. அதனைத் துடைத்து வழியைத் துப்புரவாக்குவதிலும் தின்குழியங்களுக்குப் பங்குண்டு. இவ்வெழுத்தை நீங்கள் தடையின்றிப் படிப்பது அந்தப் பழைய துப்புரவின் பயன்.

ஆனால் இங்கே ஓர் இடர் இருக்கிறது. விரலில் முள் தைத்தால் என்ன நிகழ்கிறது? சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் பிடிக்கிறது, பின்னர் ஆறுகிறது. உடலின் காவலர் ஆரவாரத்தோடு போர்செய்வர்; போர்க்களம் பாழாவதைப்பற்றி அவர்க்குக் கவலையில்லை. தோல் மறுபடி வளரும். கண்ணுக்குள் அவ்வாறு போர் மூண்டால், கூழ் கலங்கும். விழித்திரையின் நரம்புக்கலம் ஒன்று அழிந்தாற் பின் முளையாது. பகைவனை வென்றும் பார்வையை இழந்தவராவோம். ஆதலின் கண்ணுக்குள்ளே காவல் வேறுவிதமாக அமைந்திருக்கிறது. 1948 ஆம் ஆண்டிற் பீற்றர் மெடவார் முயல்களின் கண்முன்னறையில் வேற்று முயலின் தோலை வைத்துப் பார்த்தார். உடலில் வேறிடத்தில் ஒட்டினால் விரைவில் வெறுத்துத் தள்ளப்படும் தோல், அங்கே குருதிக்குழாய் சென்று சேராதவரையிற் பிழைத்திருந்தது. பின்னாளிற் சுண்டெலிகளிற் செய்த ஆய்வுகள், கண்ணாடியுடலுக்குள் அந்நியப் பொருளைச் செலுத்தினால் அதற்கு எதிரான போர்க்குணம் உடலெங்கும் தணிவதைக் காட்டின. அத்தணிவிலே நமது பளிங்குக் காவலர்க்கும் பங்குண்டு என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். வாளை உறைக்குள் வைத்துக்கொண்டே காவல்புரியும் வீரம் இது.

கண்ணின் இந்தப் பொறுமைக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1961 ஆம் ஆண்டில் மருத்துவர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம், இறந்தோரின் விழிவெண்படலங்களைப் பல நாடுகளுக்கும் விலையின்றி அனுப்பியது. 1964 இற் சிங்கப்பூருக்குச் சென்றவையே கடல் கடந்த முதற்கண்கள். இலங்கையரின் படலம் பிறநாட்டாரின் கண்ணிற் பொருந்தி வாழ்வதற்கு, அப்படலத்திற் குருதிக்குழாய் இல்லாமையும், கண்ணின் உள்ளறை போரை அடக்கிவைப்பதும் காரணங்கள்.

இனிப் பெயருக்கு வருவோம். மாணவி முதலிற் கொண்டுவந்த சொல், நேர்மொழிபெயர்ப்பாகிய ‘கண்ணாடிக் கலம்’. கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். கலம் என்றால் உயிரியற் பாடநூலில் உயிரின் அடிப்படை அலகு. பாட்டியிடம் கேட்டால் உண்ணும் பாத்திரம். பழம்புலவரிடம் கேட்டாற் கப்பல். கண்ணாடிக் கலம் கண்டி நகரத்து எந்தப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். கீழே போட்டால் உடையும் என்பதன்றி நோயாளிக்கு அச்சொல் வேறொன்றும் உணர்த்தாது.

இத்தகைய சங்கடம் புதியதன்று. மானிப்பாயில் இருந்து பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தவர். 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ எனப் பெருநூல்களைத் தமிழிற் கொணர்ந்தார். கடல் கடந்து வந்தவர் ஒருவர் நமக்காகச் சொல் தேடித் தவித்திருக்கிறார். தமிழையே தொழிலாகக் கொண்ட நான் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் செலவிடக் கூடாதா என்று எண்ணி, அகராதியை எடுத்தேன்.

பளிங்கு என்ற சொல் கிடைத்தது. எங்கள் திகனப் பக்கத்திற் சுண்ணாம்புக்கல் வெட்டுவோரிடம் பளிங்கு என்றால் மாளிகைத் தரைக்குப் பதிக்கும் சலவைக்கல்லைத்தான் நினைப்பர். பழைய பொருள் அதுவன்று. ஒளி ஊடுருவும் தூய படிகமே பளிங்கு. அங்கிருந்து நினைவு மணிமேகலைக்குத் தாவியது. அக்காப்பியத்திற் ‘பளிக்கறை புக்க காதை’ என்றே ஒரு காதை உண்டு. உவவனத்திலே உதயகுமரன் வரக்கண்ட மணிமேகலை புகுந்துகொண்ட அறை அது. உள்ளிருப்பவர் உருவம் வெளியே தோன்றும், அவர் எழுப்பும் ஓசை வெளியே கேளாது. ஒளிக்கு வழிவிட்டு ஆரவாரத்தைத் தடுக்கும் அறை! கண்ணாடியுடலைப் பற்றி மாணவி சொன்னதெல்லாம் இந்த ஓர் அறையில் அடங்கிவிட்டது போல் எனக்குத் தோன்றியது. ‘பளிக்கறைக் கலம்’ என்று எழுதிக் கொடுத்தேன். சொல்லப்போனால், அந்த இரவு எனக்கு நல்ல உறக்கம் வந்தது.

அவள் விட்டபாடில்லை. “அறையிற் புகுந்துகொண்டவள்தானே சேர் மணிமேகலை? வெளியிலிருந்து வந்தவள். இந்தக் கலங்கள் வெளியிலிருந்து வந்தவையா, அங்கேயே தோன்றியவையா என்பதல்லவா இப்போது வழக்கு?” என்றாள்.

வழக்கு உண்மைதான். 2005 ஆம் ஆண்டிற் சப்பானிய ஆய்வாளர் சுண்டெலிகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்து, பின்னர் அடையாளமிட்ட என்புமச்சையை ஏற்றிப் பார்த்தனர். ஏழு மாதங்களுக்குள் கண்ணாடியுடற் கலங்களிற் பெரும்பகுதி புதிய மச்சையிலிருந்து வந்தவையாக மாறியிருந்தன. ஆகவே இவை நிலைக்குடிகள் அல்ல, குருதி வழியே வந்து தங்கிச் செல்வோர் என்று கொண்டனர். 2024 இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைப் புரட்டியது. கதிர்வீச்சின்றி, பிறப்பிலேயே கலங்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்தபோது, சுண்டெலியின் இக்கலங்கள் கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்தே, அஃதாவது என்புமச்சை உண்டாவதற்கும் முன்னரே, புறப்பட்டவை என்றும், வெளியிலிருந்து வருவோர் அங்கே மிகச் சிலர் என்றும் தெரிந்தது. கதிர்வீச்சு பழங்குடிகளை அழித்துப் புதியவர்க்கு இடம்செய்து கொடுத்திருக்கவேண்டும். கேள்வி கேட்ட முறையே விடையை மாற்றிவிட்டது!

மலையகத்தில் வாழும் எனக்கு இந்த வழக்குக் காதுக்குப் பழகியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழரை நோக்கி, நீர் எங்கிருந்து வந்தீர் என்று கேட்டது. இந்நாட்டிலே பிறந்து இந்நாட்டிலே உழைத்தவரும் நாடற்றவராயினர். 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரைக்கும் அவர்களுட் பலருக்கு அக்கேள்வி தீரவில்லை. வாங்கிலே என்னருகில் இருந்த மூதாட்டி தாம் பிறந்த லயத்திலேயே இன்றும் இருக்கிறார். கண்ணின் கலத்துக்கும் குடியுரிமைக்கும் முடிச்சுப் போடுவது பண்டிதன் குறும்பு என்று விஞ்ஞானிகள் சொல்வார்களாயின் ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் ‘பளிக்கறைக் கலம்’ என்பதிற் ‘குடி’ என்ற சொல்லையும் சேர்த்துப் ‘பளிக்கறைக் குடிக்கலம்’ என்று மாற்றிக் கொடுத்தேன். நீளம் என்று முகஞ்சுளித்தாள், வாங்கிக்கொண்டாள்.

இக்காவலரை முற்றாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. கூழ் விழித்திரையை விட்டுப் பிரியும்போது ஒழுங்காகப் பிரியாமல், ஓரத்து ஏடொன்று திரைமேல் ஒட்டியபடி நின்றுவிடுவதுண்டு. அவ்வேட்டோடு சில கலங்களும் அங்கே தங்கிவிடும். தனித்துவிடப்பட்ட இவை பெருகி, பிற கலங்களையும் சேர்த்துக்கொண்டு, மெல்லிய சவ்வொன்றை நெய்து, அதனைச் சுருக்கத் தலைப்படும். சவ்வு சுருங்கினால் அதன் அடியிலுள்ள விழித்திரையும் மடிந்து சுருங்கும். நேர்கோடு வளைந்து தெரியும். திரை கழன்று நாட்பட்டவர்க்கும் இவ்வாறு வடுச்சவ்வு படர்வதுண்டு. அதில் இக்கலங்களும் பங்குகொள்கின்றன. நந்தியாவட்டைச் சாற்றோடு கழிந்த பதினைந்து நாட்கள் எவ்வளவு விலையுயர்ந்தவை என்பது இப்போது விளங்கும்.

1970 ஆம் ஆண்டளவில் றொபேட் மக்கெமர் வகுத்த முறையிலே, கண்ணின் பக்கத்திற் சிறு துளையிட்டுக் கண்ணாடியுடலை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, திரையைச் சுவரோடு சேர்த்து, உள்ளே வாயுவையோ எண்ணெயையோ நிரப்புகிறார்கள். மூதாட்டிக்கும் அதைச் செய்தார்கள். நாட்கணக்கில் முகங்குப்புறப் படுத்திருக்கவேண்டும் என்று சொன்னபோது, ஏன் என்று அவருக்குத் தமிழிற் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. மாணவிதான் சொல்லியிருக்கிறாள்: “உள்ளே காற்றுக் குமிழி வச்சிருக்கிறாங்க அம்மா. குமிழி எப்பவும் மேலேதானே போகும்? நீங்க குப்புறப் படுத்தாத்தான் அது பின்னால இருக்கிற திரையைத் தாங்கிப் பிடிக்கும்.” நீர்த்தொட்டியிற் குமிழி எழுவதைப் பார்த்திருந்த மூதாட்டிக்கு அதற்குமேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை. இன்று அக்கண்ணால் விரல்களை எண்ணுகிறார். ஆளை நடையாற் கண்டுகொள்கிறார். ஊசியிற் நூல் கோக்க முடியாது என்று குறைப்படுகிறார்.

இக்கலங்களை அறுவையின்றியே உயிருள்ள கண்ணிற் பார்க்கும் வழியும் பிறந்துவிட்டது. 2020 இல் நியூயோர்க்கு ஆய்வாளர்கள், கண் மருத்துவமனைகளிற் பயிலும் ஒளிப்படக் கருவியைக் கொண்டே, மனித விழித்திரையின் உட்புறத்தில் இக்குலத்துக் கலங்கள் கிளைவிரித்து நிற்பதைப் படம்பிடித்தனர். ஹனோவர் இறந்த கண்ணிற் கண்டதை, இவர்கள் தம்மைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணிற் கண்டார்கள்.

சென்ற மாதம் மாணவி மறுபடி வந்தாள். தோட்டங்களிலுள்ள மருந்தகங்களில் ஒட்டுவதற்கு ஓர் அறிவித்தல் எழுதியிருந்தாள், பிழை பார்க்கவேண்டுமாம். பளிக்கறையும் இல்லை, குடிக்கலமும் இல்லை. அவை அவளுடைய குறிப்பேட்டில் இருக்கின்றனவாம். ‘கண்ணிற் பூச்சி பறந்தால், மின்னல் வெட்டினால், திரை விழுந்தால், சாறு விடாமல் அன்றைக்கே கண் கிளினிக்குக்கு வாருங்கள்’ என்று மட்டும் இருந்தது. நான் சிவப்பு மையை எடுத்துப் ‘பூச்சி’ என்பதை அடித்து, ‘மிதக்கும் நிழல்’ என்று மேலே எழுதினேன்.

“வேண்டாம் சேர். பூச்சி என்று சொல்லிக்கொண்டுதானே அவர்கள் வருவார்கள்?” என்றாள்.

அடித்ததை அழிக்க முடியாமையால், வேறொரு தாளில் முழுவதையும் என் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், பூச்சியோடு. எழுதி முடிப்பதற்குள், வலக்கண்ணின் புள்ளி இரண்டொரு முறை உயிரெழுத்துகளின் தலைமேல் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று.